கும்பகோணம் வீட்டுக்கு ஒரு விபிஎன்: போன் முதல் டிவி வரை

கும்பகோணத்தில் அப்பாவும் அம்மாவும் இருக்கும் வீட்டில் மூன்று பொருட்கள் எனக்கும் அக்காவுக்கும் வெளியூரிலிருந்தே எட்ட வேண்டும். வாசலையும் கொல்லையையும் பார்க்கும் கேமராக்களின் பதிவுப் பெட்டி ஒன்று. அப்பாவின் பாத்திரக் கடைக் கணக்கு இருக்கும் விண்டோஸ் கணினி இன்னொன்று. மூன்றாவது, குடும்பப் படங்களும் கல்யாண வீடியோக்களும் குவிந்து கிடக்கும் ஹார்ட் டிஸ்க். நான் பெங்களூரில் இருக்கிறேன், அக்கா கோயம்புத்தூரில். இதற்காக அமைத்த விபிஎன், அதாவது பொது இணையத்தின் நடுவே எங்களுக்கு மட்டுமான பூட்டிய வழி, ஒவ்வொரு கருவியிலும் எப்படி ஏறியது, எங்கே முரண்டு பிடித்தது என்பதன் பதிவு இது.

கேமரா பொருத்தியவர் சொல்லிவிட்டுப் போன வழி மிக எளிது. ரவுட்டரில் ஒரு போர்ட்டை, அதாவது எண்ணிட்ட ஒரு வாசலை, திறந்துவிட்டால் உலகின் எந்த மூலையிலிருந்தும் பார்க்கலாம். அந்த 'எந்த மூலையிலிருந்தும்' என்பதில்தான் எனக்கு உதறல். 2016-இல் மிராய் என்ற தீநிரல், ஆலைக் கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் லட்சக்கணக்கில் பிடித்துவைத்துக்கொண்டது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அவற்றை ஏவி, தளப் பெயர்களை எண் முகவரிகளாக்கித் தரும் (டிஎன்எஸ்) டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கி, ட்விட்டர் உள்ளிட்ட பெரிய தளங்களைப் பல மணி நேரம் முடக்கினார்கள். எங்கள் கொல்லைப்புறக் கேமரா அப்படியொரு படையில் சேர்வதை நான் விரும்பவில்லை.

விபிஎன் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது யூடியூப் விளம்பரங்களில் வரும் கட்டணச் சேவைகள். அவை உங்கள் போக்குவரத்தை வேறோர் ஊர் வழியாக வெளியே விடுகின்றன. எனக்கு வேண்டியதோ வெளியிலிருந்து வீட்டுக்குள் வரும் வழி. இரண்டுக்கும் பெயர் ஒன்று, நோக்கம் வேறு. முகம் தெரியாமல் உலவலாம் என்ற ஆசை இருந்தால் சொந்த விபிஎன் அதற்கு உதவாது, ஏனென்றால் இந்த விபிஎன்னுக்கு நடுவில் நான் வைத்த வாடகை சர்வர் என் பெயரிலும் என் கார்டிலும்தான் இருக்கிறது. இந்தியாவில் இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, விபிஎன் சேவைகளும் வாடகை சர்வர் நிறுவனங்களும் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றது. எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்டுவிபிஎன் ஆகியவை இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களை எடுத்துக்கொண்டு போனது அதனால்தான். சொந்த வீட்டுக்குள் போய்வருபவனுக்கு இதில் கவலைப்பட ஒன்றுமில்லை.

மென்பொருளாக வயர்கார்டைத் தேர்ந்தெடுத்தேன். ஜேசன் டோனன்ஃபெல்ட் எழுதியது. 2020 மார்ச்சில் வெளிவந்த லினக்ஸ் 5.6-இன் மைய நிரலான கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது. ஏறத்தாழ நாலாயிரம் வரி நிரல்தான். ஓப்பன்விபிஎன் அமைத்துப் பார்த்தவர்களுக்குச் சான்றிதழ், சான்றிதழுக்குச் சான்றிதழ் என்று நீளும் அந்தச் சடங்கு நினைவிருக்கும். இதில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ரகசியச் சாவி, ஒரு பொதுச் சாவி, அவ்வளவுதான். 44 எழுத்துகள், கடைசி எழுத்து எப்போதும் சமக்குறி. நகலெடுக்கும்போது அந்தச் சமக்குறி விட்டுப்போனால் சாவி செல்லாது.

வீட்டு எண்ணை முதலில் மாற்ற வேண்டும்

எதையும் நிறுவுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. பெரும்பாலான ரவுட்டர்கள் 192.168.1 அல்லது 192.168.0 என்ற எண் வரிசையோடுதான் பெட்டியிலிருந்து வெளியே வருகின்றன. கும்பகோணம் வீட்டிலும் 192.168.1, என் பெங்களூர் அறையிலும் 192.168.1. கேமராப் பெட்டியின் முகவரி 192.168.1.20 என்றால், பெங்களூரில் இருக்கும் மடிக்கணினி அந்த எண்ணை இந்த அறையிலேயே தேடும். டனலுக்குள் (விபிஎன் போடும் அந்தப் பூட்டிய வழிக்குள்) ஒரு பாக்கெட்டும் (தரவுப் பொட்டலமும்) போகாது, பிழைச் செய்தியும் வராது.

அதனால் கும்பகோணம் வீட்டை 192.168.57 என்று மாற்றினேன். அக்கா வீட்டுக்கு 192.168.58. ஓட்டல்களிலும் அலுவலகங்களிலும் சாதாரணமாகத் தட்டுப்படாத எண்ணாக இருந்தால் போதும். மாற்றிய அன்று வீட்டில் பிரிண்டர் காணாமல் போனது, பதிவுப் பெட்டி கேமராக்களை இழந்தது. பழைய எண்களை நிலையாகப் பதித்துவைத்திருந்த கருவிகள் அவை. ஒவ்வொன்றாகத் தேடிப் போய், தானாக முகவரி வாங்கும்படி மாற்றி, ரவுட்டரிலேயே அவற்றுக்கு எண் ஒதுக்கினேன். இந்த வேலை ஒரு பகலைத் தின்றது. "கேமரா வருகிறதா இல்லையா, அதை மட்டும் சொல்" என்று அம்மா நடுநடுவே கேட்டுக்கொண்டிருந்தார்.

உள்ளே வர வழியில்லாத இணைப்பு

திட்டம் எளிமையானது. வீட்டில் ராஸ்பெர்ரி பை 4 என்ற உள்ளங்கையளவுக் கணினி (இனி 'பை'), அதில் வயர்கார்டு, ரவுட்டரில் வயர்கார்டுக்கான யூடிபி 51820 போர்ட்டை அதற்குத் திருப்பிவிடுவது. இணையத்தில் இருக்கும் வழிகாட்டிகள் முக்கால்வாசி இங்கேயே முடிந்துவிடும். எங்கள் வீட்டில் இது தொடங்கவே இல்லை.

ரவுட்டரின் உள்பக்கத்தில் இணைப்பு நிலை என்ற இடத்தில் தெரிந்த முகவரி 100.76 என்று ஆரம்பித்தது. உலாவியில் 'என் ஐபி என்ன' என்று தேடினால் முற்றிலும் வேறோர் எண். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால், அதிலும் உள்ளே தெரிவது 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் இருந்தால், உங்கள் இணைப்பு சிஜிநேட்டுக்குப் பின்னால் இருக்கிறது என்று பொருள். உலகில் பழைய பாணி ஐபி முகவரிகள் தீர்ந்துபோனதால், இணைய நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. அதற்கென்றே 2012-இல் ஒதுக்கப்பட்ட எண் வரிசை இது. ஒரே கதவிலக்கத்தில் பத்துக் குடித்தனம் இருக்கும் காம்பவுண்டுக்குப் பெயரில்லாமல் தபால் வந்தால் என்ன ஆகும்? அதே நிலைதான். உள்ளிருந்து அனுப்பலாம், அனுப்பியதற்குப் பதில் வரும். வெளியிலிருந்து புதிதாக ஒன்று வந்தால் யார் வீட்டுக்கு என்று தெரியாமல் வாசலிலேயே விழுந்துவிடும். ரவுட்டரில் எத்தனை போர்ட்டைத் திருப்பிவிட்டாலும் பயனில்லை, பூட்டு நம் வாசலில் இல்லை.

இணைய நிறுவனத்தின் உதவி மையத்தில் பேசினேன். பேசியவருக்கு சிஜிநேட் என்றால் என்னவென்று தெரியவில்லை. ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார். அடுத்து வந்தவருக்குத் தெரிந்திருந்தது. நிலையான முகவரி வேண்டுமானால் தனிக் கட்டணம், அதுவும் வணிக இணைப்புக்கு மாறினால்தான் என்றார். பழைய பாணி முகவரிகளுக்கு (பதிப்பு 4) அடுத்து வந்த ஐபி பதிப்பு 6 வழியாக முயலலாம். இன்று பல செல்போன் இணைப்புகளில் அது இருக்கிறது. ஆனால் என் அலுவலக வைஃபையில் இல்லை. போனில் வேலை செய்து மடிக்கணினியில் வேலை செய்யாத ஒரு ஏற்பாட்டை அக்காவுக்கு விளக்கும் பொறுமை எனக்கு இல்லை.

ஆகவே நடுவில் ஒரு வாடகை சர்வர். இந்திய நகரம் ஒன்றிலேயே இருக்கும் மிகச் சிறிய விபிஎஸ் (பெரிய சர்வர் ஒன்றின் வாடகைக் கூறு), அதில் உபுண்டு லினக்ஸ். வீட்டிலிருக்கும் பை அதை நோக்கி வெளியே போய் இணைந்துகொள்ளும். போன்களும் கணினிகளும் அதே சர்வரில் வந்து சேரும். சர்வர் அவர்களைக் கோத்துவிடும். டெய்ல்ஸ்கேல் என்ற சேவையைச் சிலர் பரிந்துரைப்பார்கள், தவறில்லை. அதுவும் உள்ளே வயர்கார்டுதான், சிஜிநேட்டையும் தானே சமாளித்துக்கொள்ளும். கால் மணி நேரத்தில் வேலை முடிய வேண்டும் என்பவர்கள் அதையே போடலாம். கணக்கு நிர்வாகத்தை மூன்றாவது ஆளிடம் கொடுக்க மனம் வராததாலும், அக்கா வீட்டு ரவுட்டரையும் இதிலேயே இணைக்கும் எண்ணம் இருந்ததாலும் நான் சொந்தமாகவே போட்டேன். ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த அமைப்பில் நடு சர்வர் ஒரு பக்கம் பூட்டைத் திறந்து மறுபக்கம் மீண்டும் பூட்டுகிறது. அந்தச் சர்வருக்குள் புகுந்தவரால் உள்ளே ஓடுவதைப் பார்க்க முடியும். அதனால் அங்கே கடவுச்சொல் உள்நுழைவை முழுக்க நிறுத்தி, தொலைவிலிருந்து கட்டளையிடும் எஸ்எஸ்எச் வழிக்குச் சாவி மட்டும் வைத்தேன். பாதுகாப்பு மேம்பாடுகள் தானாக ஏறும்படியும் செய்தேன்.

சர்வரும் பையும்

டனலுக்குள் 10.8.0 வரிசை. சர்வர் 10.8.0.1, பை 10.8.0.2, அக்கா வீட்டு ரவுட்டர் 10.8.0.3, போன்களும் கணினிகளும் 11-இலிருந்து.

வயர்கார்டில் விளங்கிக்கொள்ள வேண்டிய ஒரே விஷயம் 'அலவ்டு ஐபிஸ்' என்ற வரி. அது இரண்டு வேலை பார்க்கிறது. எந்த முகவரிக்குப் போகும் பாக்கெட்டை இந்தச் சாவிக்காரருக்கு அனுப்ப வேண்டும் என்பதும் அதுதான். இவரிடமிருந்து வரும் பாக்கெட் எந்த முகவரியோடு வந்தால் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதும் அதுதான். சர்வரில் பையின் பெயருக்குக் கீழே 10.8.0.2/32, அதோடு 192.168.57.0/24 (/32 என்றால் அந்த ஒரு முகவரி, /24 என்றால் அந்த வரிசை முழுவதும்). வீடு முழுவதும் அந்தச் சாவிக்குப் பின்னால் இருக்கிறது என்று சர்வருக்குச் சொல்வது இந்த இரண்டாவது எண்தான். போன்களின் பெயருக்குக் கீழே அவரவர் எண் மட்டும். ஒரே வரிசையை இரண்டு சாவிகளுக்கு எழுதினால் பின்னால் எழுதியது முன்னதைப் பறித்துக்கொள்ளும், எச்சரிக்கை ஏதும் வராது.

பையின் கோப்பில் 'பெர்சிஸ்டென்ட் கீப்அலைவ்' 25 என்று போட வேண்டும். பை 25 வினாடிக்கு ஒருமுறை ஒரு வெற்றுப் பாக்கெட்டை வெளியே அனுப்பிக்கொண்டிருப்பதால்தான் சிஜிநேட் அந்த வழியை மூடாமல் வைத்திருக்கிறது. இந்த வரி இல்லாவிட்டால் இணைப்பு சிறிது நேரம் ஓடிவிட்டு, யாரும் பயன்படுத்தாத வேளையில் செத்துவிடும். போன்களுக்கு இது தேவையில்லை. பேட்டரிக்கும் நல்லதல்ல.

சர்வரில் ஐபி ஃபார்வர்டிங்கை, அதாவது ஒருவரிடம் வாங்கிய பாக்கெட்டை இன்னொருவருக்குக் கடத்துவதை, இயக்கினேன், பையிலும்தான். உபுண்டுவின் யூஎஃப்டபிள்யூ தீயரண் (ஃபயர்வால்) ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்துவதை இயல்பாகவே மறுக்கும், அதற்குத் தனியாக அனுமதி எழுத வேண்டும். வாடகை நிறுவனத்தின் இணையப் பலகையில் இன்னொரு தீயரண் இருக்கிறது. அதிலும் யூடிபி 51820 திறந்திருக்க வேண்டும். யூடிபிக்குப் பதில் டிசிபி என்ற வேறு அனுப்புமுறையைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பலர் நாள்கணக்கில் திண்டாடுவதைப் பார்த்திருக்கிறேன்.

போர்ட் திறந்திருக்கிறதா என்று இணையத்தில் கிடைக்கும் சோதனைக் கருவிகளை வைத்துப் பார்க்காதீர்கள். வயர்கார்டு தெரியாத ஆளுக்குப் பதிலே சொல்லாது. சரியான சாவியோடு தட்டினால் ஒழிய, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அங்கே யாரும் இல்லை. நான் பார்ப்பது இரண்டை மட்டும். 'டபிள்யூஜி ஷோ' என்ற கட்டளையில் 'லேட்டஸ்ட் ஹேண்ட்ஷேக்' (இருபுறமும் சாவி சரிபார்த்துக் கடைசியாகக் கைகுலுக்கிய நேரம்) என்ற வரி வருகிறதா என்பது முதலாவது. வரவில்லை என்றால் சர்வரில் வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்பை ஓடவிட்டு, 51820-க்கு ஏதாவது வந்து விழுகிறதா என்று பார்ப்பேன். எதுவும் விழவில்லை என்றால் தீயரண் அல்லது முகவரி. விழுகிறது, பதில் போகவில்லை என்றால் சாவி. இந்த ஒரு பிரிவினை பாதி நேரத்தை மிச்சப்படுத்தியது.

பை இணைந்த பிறகும் பதிவுப் பெட்டி பேசவில்லை. பெங்களூரிலிருந்து போன பாக்கெட் பெட்டியை அடைந்தது. ஆனால் பெட்டிக்கு 10.8.0 எங்கே இருக்கிறது என்று தெரியாது. பதிலை ரவுட்டரிடம் கொடுக்கிறது, ரவுட்டர் அதை இணையத்தில் எறிகிறது. இதற்குச் சுத்தமான தீர்வு, 10.8.0-க்குப் போவதெல்லாம் பையிடம் கொடு என்று ரவுட்டரில் ஒரு நிலைவழி எழுதுவது. இணைய நிறுவனம் கொடுத்த ரவுட்டரில் அந்தப் பக்கத்தையே மறைத்துவைத்திருந்தார்கள். எனவே பையில் மாஸ்கரேட் போட்டேன். வெளியிலிருந்து வருவதெல்லாம் பையின் வீட்டு முகவரியிலிருந்து வருவதுபோல் மாறிவிடும். பார்க்க அழகில்லை என்றாலும், விண்டோஸ் விஷயத்தில் இது எதிர்பாராத நன்மை செய்தது.

கருவிகளின் முறை

ஆண்ட்ராய்டு போனில் ஏறுவது மிகச் சுலபம். சர்வரில் கோப்பை உருவாக்கி, க்யூஆர்என்கோட் என்ற சிறு நிரலால் டெர்மினலிலேயே க்யூஆர் படமாக்கி, வயர்கார்டு செயலியில் ஸ்கேன் செய்தால் முடிந்தது. பிறகு அந்தக் கோப்பைச் சர்வரிலிருந்து அழித்துவிட வேண்டும், ஏனென்றால் அதில் போனின் ரகசியச் சாவி இருக்கிறது. போனிலேயே சாவியை உருவாக்கி, பொதுச் சாவியை மட்டும் சர்வருக்கு அனுப்புவதுதான் முறையானது. என் போனுக்கு அப்படித்தான் செய்தேன். மற்றவர்களுக்கு க்யூஆர்.

அந்த க்யூஆரில்தான் ஒரு வேடிக்கை. நான் அனுப்பிய படத்தை அக்கா தன் போனில் ஸ்கேன் செய்துவிட்டு, நன்றாக வேலை செய்கிறதே என்று மாமாவின் போனிலும் ஸ்கேன் செய்துவிட்டாள். மாலையில் இருவரும் ஒரே நேரத்தில் கேமரா பார்க்க, இருவருக்கும் படம் ஓடி ஓடி நின்றது. ஒரே சாவியோடு இரண்டு இடங்களிலிருந்து பாக்கெட் வந்தால், கடைசியாக வந்த இடமே அந்தச் சாவியின் இடம் என்று வயர்கார்டு எடுத்துக்கொள்ளும். அக்காவுக்குப் போக வேண்டியது மாமாவுக்கும், மாமாவுக்குப் போக வேண்டியது அக்காவுக்கும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது. 'டபிள்யூஜி ஷோ'வில் ஒரே பெயருக்கு நேரே இணைப்பு முகவரி பார்க்கப் பார்க்க மாறியதில் விஷயம் புரிந்தது. ஒரு கருவி, ஒரு சாவி. இதில் தள்ளுபடி கிடையாது.

ஆண்ட்ராய்டில் இன்னும் இரண்டு. சில நிறுவனப் போன்கள் பேட்டரி மிச்சம் பிடிக்கிறேன் என்று பின்னணியில் ஓடும் செயலிகளைக் கொன்றுவிடும். வயர்கார்டுக்குப் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்க வேண்டும். அடுத்தது வங்கிச் செயலிகள். விபிஎன் இயங்குவதைக் கண்டால் சில செயலிகள் திறக்கவே மறுக்கின்றன. டனலில் வீட்டு முகவரிகள் மட்டும்தான் போகின்றன, பணம் அனுப்புவதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்று செயலியிடம் வாதாட முடியாது. வயர்கார்டு செயலியில் குறிப்பிட்ட செயலிகளை விலக்கிவைக்கும் வசதி இருக்கிறது. வங்கிச் செயலிகளை அதில் சேர்த்தபின் சமாதானம் ஆயிற்று.

ஐபோனில் அப்படிச் செயலி வாரியாக விலக்க முடியாது. ஆனால் ஆண்ட்ராய்டின் அதிகாரபூர்வ செயலியில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது. 'ஆன் டிமாண்ட்' என்ற இடத்தில், இந்தப் பெயருள்ள வைஃபைகளைத் தவிர மற்ற எங்கும் தானாக இணைந்துகொள் என்று சொல்லலாம். கும்பகோணம் வைஃபை, அக்கா வீட்டு வைஃபை இரண்டையும் விலக்குப் பட்டியலில் போட்டேன். வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, பக்கத்து அறை கேமராவை வாடகை சர்வர் வழியாகச் சுற்றிப் பார்க்கும் கூத்து இதனால் தவிர்ந்தது. மாமாவிடம் இருப்பது ஐபோன். விபிஎன் என்று ஒன்று தன் போனில் இருப்பதே இப்போது அவருக்கு மறந்துவிட்டது. இந்த வேலையில் கிடைத்த ஆகச் சிறந்த பாராட்டு அதுதான்.

லினக்ஸ் மடிக்கணினியில் கோப்பை நெட்வொர்க் மேனேஜருக்குள் இறக்கிக்கொண்டால் வைஃபை பட்டியலுக்குப் பக்கத்திலேயே பொத்தான் வந்துவிடுகிறது. கோப்பில் டிஎன்எஸ் வரி இருந்து, அதைக் கையாளும் ரிசால்வ்கான்ஃப் என்ற நிரல் நிறுவப்படாமல் இருந்தால், டனலை எழுப்பும் 'டபிள்யூஜி-குவிக்' கட்டளை பாதியில் நின்றுவிடும். வெளியூர்ப் பயணத்தில் ஓட்டல் வைஃபைக்கென்று எல்லாப் போக்குவரத்தையும் டனலில் அனுப்பும் இன்னொரு கோப்பும் வைத்திருக்கிறேன். அதில் 0.0.0.0/0 (பதிப்பு 4-இன் எல்லா முகவரிகளும்) மட்டும் எழுதினால் போதாது, ::/0 (பதிப்பு 6-இன் எல்லா முகவரிகளும்) என்பதையும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஐபி பதிப்பு 6 இருக்கும் இடங்களில் பாதிப் போக்குவரத்து டனலுக்கு வெளியே சாவகாசமாகப் போய்க்கொண்டிருக்கும்.

என் அலுவலக வேலைக்கான விண்டோஸ் மடிக்கணினியில் இதை ஏற்றவில்லை. அது அவர்களுடைய கணினி, அவர்களுடைய சட்டம். அக்காவின் விண்டோஸ் மடிக்கணினியில் ஏற்றினேன். நிர்வாகி அனுமதி உள்ள கணக்கில்தான் வயர்கார்டு செயலி திறக்கும் என்பது மட்டுமே அங்கே கவனிக்க வேண்டியது. எல்லாப் போக்குவரத்தையும் அனுப்பும் கோப்பைப் போட்டால், 'டனலுக்கு வெளியே போவதைத் தடு' என்ற பொருளில் ஒரு கட்டம் அடியில் தெரியும். அதை டிக் செய்துவிட்டு வீட்டுப் பிரிண்டர் எங்கே போனது என்று தேடுபவர்கள் உண்டு. பிரிண்டரும் டனலுக்கு வெளியேதான் இருக்கிறது.

அப்பாவின் கணக்குக் கணினிக்கு விபிஎன் எதுவும் தேவையில்லை, அது வீட்டிலேயே இருக்கிறது. அதன் பகிர்வுக் கோப்புறையை நாங்கள் வெளியிலிருந்து எட்ட வேண்டும், அவ்வளவுதான். விண்டோஸ் தீயரண் கோப்புப் பகிர்வை இயல்பாக அதே வீட்டு வரிசையிலிருந்து வருபவருக்கு மட்டுமே அனுமதிக்கும். 10.8.0-இலிருந்து வந்தால் கதவைச் சாத்திவிடும். முன்பு வேண்டாவெறுப்பாகப் போட்ட மாஸ்கரேட் இங்கே கைகொடுத்தது. எல்லாம் பையின் 192.168.57 முகவரியில் வருவதால், பக்கத்து அறையிலிருந்து யாரோ கேட்கிறார்கள் என்று விண்டோஸ் நம்பிக்கொள்கிறது. கணினி உறங்கிக்கொண்டிருந்தால் எழுப்புவதற்கு 'வேக் ஆன் லேன்' பாக்கெட்டைப் பையிலிருந்துதான் அனுப்ப வேண்டும். அது வீட்டு வலையில் எல்லோருக்கும் கூவிச் சொல்லப்படும் செய்தி, டனலைத் தாண்டாது.

பாதியில் நிற்கும் படம்

எல்லாம் இணைந்த பிறகு வந்த கோளாறுதான் இருப்பதிலேயே எரிச்சலானது. செல்போன் இணைப்பில் பதிவுப் பெட்டியின் உள்நுழைவுப் பக்கம் உடனே வரும். கடவுச்சொல் போட்டதும் வெள்ளைத் திரை. எஸ்எஸ்எச் நன்றாக ஓடும், ஆனால் நீளமான கோப்பைக் காட்டச் சொன்னால் உறைந்துவிடும். 'இருக்கிறாயா' என்று கேட்டுப் பதில் வாங்கும் பிங் அட்டகாசமாக இருக்கும். வைஃபைக்கு வந்தால் எல்லாம் சரி. சின்னது போகிறது, பெரியது போகவில்லை என்ற இந்த அறிகுறியைக் கண்டால் வேறெங்கும் தேட வேண்டாம், எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு.

கணக்கு இப்படி. சாதாரண வலையில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை போகலாம். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து பிபிபிஓஇ முறையில் உள்நுழையும் ஃபைபர் இணைப்பில் 8 போய் 1492. வயர்கார்டு தன் உறையைச் சுற்றுவதற்கு ஐபி பதிப்பு 4-இல் 60, பதிப்பு 6-இல் 80 பைட் எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் அதன் இயல்பு அளவு 1420. பிபிபிஓஇ-யில் பதிப்பு 6 வழியாகப் போனால் மிஞ்சுவது 1412 மட்டுமே. எட்டு பைட் வித்தியாசத்தில் பெரிய பாக்கெட் எல்லாம் தொலையும். செல்போன் வலைகளில் நிலைமை இன்னும் குழப்பம். சில நிறுவனங்கள் உள்ளே முழுக்கப் பதிப்பு 6-இல் ஓடி, பதிப்பு 4 போக்குவரத்தை வழியில் மொழிமாற்றுகின்றன. அதில் இன்னும் 20 பைட் கூடும். பாக்கெட் பெரிதாக இருக்கிறது என்று நடுவழியில் இருப்பவர் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்தச் செய்தியை எங்கேயோ ஒரு தீயரண் விழுங்கிவிட்டால், அனுப்புபவருக்கு எதுவும் தெரியாது, அதே அளவில் அனுப்பிக்கொண்டே இருப்பார்.

பாக்கெட்டை உடைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு பிங்கின் அளவைக் கூட்டிக் குறைத்துப் பார்த்து, எந்த அளவில் தாண்டுகிறது என்று கண்டுபிடிக்கலாம். போனை ஹாட்ஸ்பாட்டாக்கி மடிக்கணினியிலிருந்து அப்படிப் பார்த்தேன். ஆனால் இன்று தாண்டும் அளவு நாளை ரயிலில் வேறு டவரில் தாண்டும் என்று என்ன உறுதி? எல்லாப் போன்களிலும் 1280 என்று போட்டுவிட்டேன். ஐபி பதிப்பு 6 எல்லா வலைகளுக்கும் கட்டாயமாக்கியிருக்கும் குறைந்தபட்ச அளவு அது. வேகம் கொஞ்சம் குறைய வேண்டும் என்பது கணக்கு. கேமரா பார்ப்பவர் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

டிவி

கோயம்புத்தூரில் அக்கா வீட்டு டிவியில் கல்யாண வீடியோ ஓட வேண்டும் என்பது அம்மாவின் நிபந்தனை. அவர் அங்கே போய்த் தங்கும்போது பார்க்க வேண்டுமாம். ஆண்ட்ராய்டு டிவி என்றால் ப்ளே ஸ்டோரிலேயே வயர்கார்டு இருக்கிறது. அக்கா வீட்டில் இருப்பது எல்ஜி. அதன் வெப்ஓஎஸ்ஸில் விபிஎன் செயலிக்கே இடமில்லை. ஆகவே டிவியைத் தொடாமல், அந்த வீட்டு ரவுட்டரையே டனலில் சேர்ப்பதுதான் வழி.

ரவுட்டருக்கான திறந்த இயங்குதளமான ஓப்பன்டபிள்யூஆர்டி ஏற்றத்தக்க ரவுட்டர் ஒன்றை வாங்கி, இணைய நிறுவனத்தின் பெட்டிக்குப் பின்னால் வைத்தேன். வாங்குவதற்கு முன் மாதிரியின் பெயரை மட்டும் பார்க்காமல், அடியில் ஒட்டியிருக்கும் பதிப்பு எண்ணையும் பார்க்க வேண்டும். ஒரே பெயரில் வரும் ரவுட்டரின் அடுத்தடுத்த பதிப்புகளுக்குள் வேறு வேறு சிப் இருப்பது சாதாரணம். வயர்கார்டுக்கான மென்பொருள் பொதி, அதன் இணையப் பக்கத்துக்கான பொதி இரண்டையும் ஏற்றி, 10.8.0.3 என்று முகவரி கொடுத்தேன். அலவ்டு ஐபிஸில் 10.8.0.0/24, 192.168.57.0/24. 'இவற்றுக்கு வழி எழுது' என்ற கட்டத்தை டிக் செய்யாவிட்டால் ஹேண்ட்ஷேக் மட்டும் நடக்கும், வேறெதுவும் நடக்காது. தீயரணில் வயர்கார்டைத் தனி மண்டலமாக்கி, உள்வலையிலிருந்து அதற்குப் போக அனுமதித்தேன். சர்வரில் இந்தச் சாவிக்குப் பின்னால் 192.168.58.0/24-ஐச் சேர்த்தேன். மலிவான ரவுட்டர்களின் சிறிய சிப்பில்கூட வயர்கார்டு தேவலாம் என்று ஓடுவதற்குக் காரணம், அது பயன்படுத்தும் சாச்சா20 பூட்டுமுறை தனி வன்பொருள் உதவி இல்லாமலே வேகமாக இயங்குவதுதான்.

வீட்டு வலையில் வீடியோ வைத்திருக்கும் கருவிகளைக் காட்டும் டிஎல்என்ஏ பட்டியல் டிவியில் இயல்பாக இருக்கிறது, அதில் கும்பகோணத்து ஹார்ட் டிஸ்க் வராது. அந்தத் தேடல் ஒரே வலைக்குள் கூவி அழைப்பது, அதுவும் டனலைத் தாண்டாது. எனவே வீடியோக்களை டிவிக்கு அனுப்பித் தரும் ஜெல்லிஃபினைப் பையில் நிறுவி, டிவியில் அதன் செயலியைப் போட்டு, முகவரியைக் கையால் தட்டினேன். அசல் வீடியோவை அப்படியே அனுப்பினால் கும்பகோணம் இணைப்பின் பதிவேற்ற வேகம் தாங்கவில்லை. பையால் ஓடும்போதே வீடியோவைச் சுருக்கவும் முடியாது, திணறிவிடும். கல்யாண வீடியோக்களை மட்டும் என் கணினியில் முன்கூட்டியே சிறிய அளவுக்கு மாற்றி ஏற்றிவைத்தேன்.

மின்வெட்டுக்குப் பிறகு

வீட்டில் மின்சாரம் போய் வந்தால் சில சமயம் டனல் எழவில்லை. பை இயங்குகிறது, இணையம் இருக்கிறது, ஹேண்ட்ஷேக் மட்டும் இல்லை. பின்னர் தானாகச் சரியாகிவிடுகிறது. காரணம் கடிகாரம். ராஸ்பெர்ரி பை 4-இல் மின்கலத்தோடு ஓடும் கடிகாரம் கிடையாது. மின்சாரம் வந்ததும் கடைசியாகச் சேமித்துவைத்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கும். பழைய ஹேண்ட்ஷேக்கை யாரோ பதிவுசெய்து மீண்டும் அனுப்புவதைத் தடுக்க, வயர்கார்டு ஒவ்வொன்றிலும் நேர முத்திரை வைக்கிறது. முன்பு பார்த்ததைவிடப் பழைய நேரத்தோடு வந்தால் சர்வர் வாய் திறக்காமல் ஒதுக்கிவிடும். பையின் கடிகாரம் இணையத்தைப் பார்த்துத் திருந்தும்வரை கதவு திறக்காது.

நேரம் ஒத்திசைந்த பிறகே வயர்கார்டு தொடங்கும்படி, லினக்ஸில் எது எப்போது தொடங்க வேண்டும் என்று பார்க்கும் சிஸ்டம்டி-யில் வரிசையை மாற்றினேன். கோப்பில் சர்வரின் பெயருக்குப் பதில் எண் முகவரியையே எழுதினேன், தொடக்கத்தில் டிஎன்எஸ் எழாவிட்டாலும் தடையில்லை. ரவுட்டரையும் பையையும் ஒரு சிறிய யூபிஎஸ்ஸில் மாட்டியது இவை எல்லாவற்றையும்விட அதிகம் உதவியது.

அண்மையில் அக்கா தன் பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தாள். அழித்துவிட்டுத்தான் கொடுத்ததாகச் சொன்னாள். இருந்தாலும் சர்வரில் அந்தப் போனின் பொதுச் சாவி இருந்த பகுதியை நீக்கினேன். மற்றவர்களின் இணைப்பு அறுபடாமல் இருக்க, முழுவதும் நிறுத்தித் தொடங்காமல் 'சிங்க்கான்ஃப்' கட்டளையால் மாற்றத்தை மட்டும் ஏற்றலாம். எந்த எண் யாருடைய எந்தக் கருவி என்ற பட்டியல் ஒன்றைச் சர்வர் கோப்பிலேயே குறிப்பாக எழுதிவைத்திருந்ததால் தேட வேண்டியிருக்கவில்லை. புதிய போனுக்கு அதே 10.8.0.12 எண், புதிய சாவி. க்யூஆரை இந்த முறை வாட்ஸ்அப்பில் அனுப்பவில்லை. அக்கா ஊருக்கு வந்தபோது திரையில் காட்டி, ஸ்கேன் ஆனதும் மூடிவிட்டேன்.